பிறக்கும்போதே பூ விழுந்த கண்: கருவிழியை மாற்றுவதா, ஐரிஸில் வழி திறப்பதா?

என் அக்கா மகன் பிறந்த மூன்றாம் நாள், குளிப்பாட்டிய பாட்டிதான் முதலில் சொன்னார்: "கண்ணுல பூ விழுந்த மாதிரி இருக்கே." கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் தெளிவான படலம் (கார்னியா), இரண்டு கண்ணிலும் தேய்த்த கண்ணாடி போல வெளுத்திருந்தது. டாக்டர் வைத்த பெயர் பீட்டர்ஸ் அனாமலி. கருவில் கண் உருவாகும்போது கருவிழியின் உள்ளடுக்கு நடுவில் சரியாக அமையாமல் போவதால் வருவது. பலருக்கு அந்த வெளுப்பின் பின்னால் ஐரிஸ், அதாவது கண்ணுக்கு நிறம் தரும் வளையம், ஒட்டியிருக்கும். சிலருக்கு அதற்கும் பின்னால் இருக்கும் லென்ஸும் ஒட்டியிருக்கும்.

பெற்றோர் முன் வைக்கப்படுபவை முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, வெளுத்த கருவிழியை வெட்டி எடுத்து, தானமாகக் கிடைத்ததைத் தைப்பது. இன்னொன்று, கருவிழியை அப்படியே விட்டுவிட்டு, அதன் ஓரத்தில் தெளிவாக இருக்கும் பகுதிக்கு நேர் பின்னால் ஐரிஸில் ஒரு துண்டை நீக்கி, ஒளி உள்ளே போகப் புதிய வழி செய்வது.

கேட்டவுடன் மனசு முதல் வழிக்குத்தான் போகும். கெட்டதை எடுத்து நல்லதை வைக்கிறார்கள், அவ்வளவுதானே? பெரியவர்களுக்கு அது நன்றாகவே பலன் தரும். பச்சைக் குழந்தையின் கண் வேறு. கண்ணின் சுவர் மெத்தென்று இருப்பதால், கருவிழியைத் திறந்தவுடன் லென்ஸ் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். உடம்பின் எதிர்ப்பும் வேகமாக இருக்கும். பெரியவருக்கு ஒரு வருஷம் கூட விட்டுவைக்கும் தையல், குழந்தைக்குச் சில வாரங்களிலேயே தளர்ந்துவிடும். தளர்ந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கிருமி வரும், ரத்தக் குழாய் வளரும், புதுக் கருவிழியை உடம்பு நிராகரிக்கத் தொடங்கும். உறுத்துகிறது என்று சொல்லக் குழந்தைக்கு வாய் இல்லை. அதனால் திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுத்துத்தான் கண்ணைப் பார்க்கவும் தையலைப் பிரிக்கவும் வேண்டும்.

இரண்டாவது வழியில் தானக் கருவிழியே இல்லை, ஆகவே நிராகரிப்பும் இல்லை. ஆனால் ஓரம் தெளிவாக இருக்க வேண்டும், பின்னால் லென்ஸும் தெளிவாக இருக்க வேண்டும். கிடைக்கும் பார்வையும் கச்சிதமாக இராது. ஓரக் கருவிழி வழியே வரும் உருவம் கொஞ்சம் கோணும், வெயிலில் கண் கூசும்.

அக்கா மகனுக்கு இரண்டும் நடந்தன. வலக்கண் முழுக்க வெளுத்திருந்ததால் கருவிழி மாற்று. இடக்கண்ணின் மேல் ஓரத்தில் பிறை போலத் தெளிவு இருந்ததால் ஐரிஸில் வழி. மாற்றிய கண் முதலில் பளிச்சென்று இருந்தது. அக்கா ஒரு வேளை சொட்டு மருந்தைக்கூடத் தவறவிடவில்லை. இருந்தும் எட்டாம் மாதம் மங்கத் தொடங்கியது. இடக்கண்தான் இன்று அவனுக்கு உலகம். படப் புத்தகத்தை முகத்தருகே பிடித்து, தாடையைத் தாழ்த்தி, அந்தப் பிறை வழியாக யானையைத் தேடிப் பிடிக்கிறான்.

ஒரு குழந்தையை வைத்து முடிவு சொல்லக் கூடாதுதான். ஆனாலும் என் கருத்து இது: ஓரத்தில் கொஞ்சமாவது தெளிவு இருந்தால், கருவிழி மாற்றுக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் கண்ணின் பாப்பாவை, அதாவது ஐரிஸின் நடுவில் ஒளி நுழையும் துளையை, விரிக்கும் சொட்டு மருந்து போட்டுப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு அதுவே போதும். போதாவிட்டால் ஐரிஸ் வழி. இரண்டு கண்ணும் முழுக்க வெளுத்திருந்தால் பேச்சே வேறு. அப்போது மாற்றுதான் வழி, தாமதமும் கூடாது. முதல் சில மாதங்களில் ஒளி போகாவிட்டால் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளாது. ஒரு கண்ணில் மட்டும் குறை, மற்றது நன்றாக இருக்கிறது என்றால், மாற்று வேண்டாம் என்று நிதானிக்கும் டாக்டர்களும் உண்டு. அதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்காதீர்கள்.

செயற்கைக் கருவிழியும் உண்டு; கைக்குழந்தைகளிடம் அது நல்ல பெயர் எடுக்கவில்லை.

எந்த வழியில் போனாலும் கண் அழுத்தத்தைப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. இந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் கிளாக்கோமா, அதாவது கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய், வருகிறது, சில சமயம் வருஷங்கள் கழித்தும். இதயம், காது, வளர்ச்சி ஆகியவற்றையும் குழந்தை நல மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும். கண் குறையோடு சேர்ந்து வேறு உறுப்புகளிலும் குறை இருப்பதுண்டு.