உண்டோ, உண்டா: விடை வேண்டாத வினாவைக் கற்பிக்க மூன்று வழிகள்

பேச்சுப் போட்டிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வலது கையை உயர்த்தி, “இந்த ஆற்றின் மணலை அள்ளிச் சென்றது யார்?” என்று முழங்கிவிட்டு, நான் சொல்லிக்கொடுத்திருந்தபடியே மூன்று நொடி நிறுத்தினான். இரண்டாவது வரிசையிலிருந்து நிதானமான குரலில் பதில் வந்தது: “உன் பெரியப்பாவின் லாரி.”

ஒத்திகை அத்துடன் முடிந்தது. நிறுத்தச் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்த மூன்று நொடிக்குள் என்னவெல்லாம் நடக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை.

நான் தமிழ் கற்பிப்பது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில். (ஆந்திரத்துச் சித்தூர் வேறு. அங்கும் தமிழ் பேசுகிறவர்கள் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.) பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுவார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரைப் பொறுத்து மொழி மாறும். இவர்களுக்குக் கட்டுரையிலும் மேடையிலும் விடை வேண்டாத வினாவைக் கையாளக் கற்றுக்கொடுக்க மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். இலக்கண வழி, மேடை வழி, வீட்டு வழி என்று வைத்துக்கொள்ளலாம்.

இலக்கண வழியில் முதல் தடையே நன்னூல்தான். அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்று வினாவை ஆறாகப் பிரிக்கிறார் பவணந்தியார். ஆறில் எதிலும் நம் ஆள் இல்லை. அறிவினா கிட்டத்தில் வருகிறது. கேட்பவருக்கு விடை தெரியும். ஆனால் ஆசிரியர் அதைக் கேட்பது மாணவன் பதில் சொல்லத்தான். பல ஆண்டுகள் இந்த ஆறையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, “இவை தவிர இன்னொன்றும் உண்டு” என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நூற்பாவை ஒழுங்காகப் படித்திருந்தால் அந்தச் சங்கடம் வந்திருக்காது. விடை எட்டு வகை. அவற்றில் ஒன்று வினா எதிர் வினாதல். “நாளை வருவாயா?” என்றால் “வராமல் இருப்பேனா?” என்பது விடை. அதாவது, நாம் தேடிய ஆள் கேள்விகளின் பட்டியலில் இல்லாமல் பதில்களின் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறார். இதைக் கண்டதும் வகுப்பில் ஒரு விதி கிடைத்தது: நீ எழுதிய கேள்விக்கு அடியில் அது சொல்ல வருகிற விடையை ஒரே வாக்கியமாக எழுது. எழுத முடியவில்லையா, கேள்வியை அடித்துவிடு. “இந்தச் சமூகம் எங்கே போகிறது?” என்பது போன்ற வாக்கியங்கள் இந்தச் சல்லடையில் கொத்தாகக் கொட்டிவிடும். எங்கே போகிறது என்று எழுதியவனுக்கே தெரியாது.

எல்லைப் பிள்ளைகளுக்கு இலக்கணம் இன்னொரு வகையிலும் கைகொடுக்கிறது. “அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்” என்ற குறளை நடத்தி முடித்தபோது ஒரு பெண் எழுந்து, “டீச்சர், கடைசியில் தாழ் உண்டா, இல்லையா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் காதில் விழுந்த ‘உண்டோ’ கடையில் கேட்கும் ‘உண்டோ’. “பாலுண்டோ?” என்றால் பால் இருக்கிறதா என்று பொருள், கடைக்காரர் உண்டு என்பார், இல்லை என்பார். “ஊணு கழிச்சோ?” என்றால் சாப்பிட்டாயிற்றா என்று பொருள், அவ்வளவுதான். மலையாளத்தில் ஓகாரம் அன்றாட வேலை செய்கிற எழுத்து. தமிழில் அந்த வேலையை ஆகாரம் எடுத்துக்கொண்டது. ஓய்வு கிடைத்த ஓகாரம் ஐயத்துக்கும் மறுப்புக்கும் போய்ச் சேர்ந்தது. ‘வருவானா’ என்றால் தகவல் கேட்கிறோம். ‘வருவானோ’ என்றால் நமக்குள் புலம்புகிறோம். நன்னூல் ஓகாரத்துக்குச் சொல்லும் எட்டுப் பொருள்களில் எதிர்மறையும் ஒன்று. பாண்டியன் “யானோ அரசன்” என்றபோது, ஆமாம் நீதான் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அடுத்த மூச்சிலேயே “யானே கள்வன்” என்கிறான். ஓ மறுக்கிறது, ஏ உறுதி செய்கிறது. இரண்டு எழுத்தில் ஒரு நீதிமன்றமே கலைந்துவிடுகிறது.

பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ இதற்கு இவ்வளவு நேரம் செலவிட வேண்டியிராது. இங்கே ஒரு பாடவேளை முழுவதும் கொடுக்கிறேன், மலையாள ஓவையும் தமிழ் ஓவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி. குரலை மாற்றினால் மலையாளத்திலும் அதே ஓ குத்தும். “ஞான் அறிஞ்ஞோ?” என்று தோளைக் குலுக்கினால் எனக்கெப்படித் தெரியும் என்று பொருள். பிள்ளைகளே இதைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

இவ்வளவு இருந்தும் இலக்கண வழியை மட்டும் நம்ப மாட்டேன். தேர்வில் அடிக்கோடிடச் சொன்னால் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். சொந்தக் கட்டுரையில் ஒரு கேள்விகூட வருவதில்லை.

மேடை வழியில் சிக்கல் நேர் எதிரானது. மூத்த பேச்சாளர்களின் பாணியைக் கேட்டு, மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பது. கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவக் காலத்தில் பெற்றோர் விரும்புவது இதைத்தான். குரல் திறக்கிறது, கூச்சம் போகிறது, எங்கே நிறுத்துவது என்று தெரிகிறது. இவற்றை எந்தப் புத்தகமும் கொடுக்காது. ஆனால் மூன்று நிமிடப் பேச்சில் பதினோரு கேள்வி கேட்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பதினோராவதற்கு வரும்போது நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். 1981-இல் பெட்டி, கசியோப்போ, ஹீசாக்கர் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பேச்சைக் கேட்கக் கொடுத்தார்கள். இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு பொதுத் தேர்வைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது அதன் வாதம். சிலருக்கு வாதங்கள் சாதாரண வாக்கியங்களாக முடிந்தன, சிலருக்குக் கேள்விகளாக. நமக்கென்ன வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைக் கேள்விகள் யோசிக்க வைத்தன. அதனால் வலுவான வாதம் கூடுதலாக எடுபட்டது, சொத்தை வாதம் கூடுதலாக அம்பலப்பட்டது. ஏற்கெனவே அக்கறையோடு கேட்டவர்களுக்கோ அதே கேள்விகள் யோசனையைக் குலைத்தன. மேடைப் பயிற்சி தருகிறவர்கள் இதன் இரண்டாம் பாதியைக் கவனிப்பதே இல்லை. தூங்குகிற சபையைத் தட்டி எழுப்பலாம். விழித்திருப்பவனையும் தட்டிக்கொண்டே இருந்தால் அவன் எழுந்து போய்விடுவான்.

மூன்றாவது வழிக்கு நான் தற்செயலாகத்தான் வந்தேன். நேற்று உங்கள் வீட்டில் யார் யாரைத் திட்டினார்கள், அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள் என்று ஒருமுறை வீட்டுப்பாடம் கொடுத்தேன். மறுநாள் வந்த தாள்களில் கேள்விக்குறிகள் குவிந்து கிடந்தன. நான் என்ன உனக்கு வேலைக்காரியா? காசு என்ன மரத்திலா காய்க்கிறது? சொன்னால் கேட்டுவிடப் போகிறாயா? பாட்டிமார்களிடமிருந்து பழமொழிகள் வந்தன: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? வெளுத்ததெல்லாம் பாலா? கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா? யாரும் கற்றுக்கொடுக்காமலே எல்லாப் பிள்ளைகளும் ஆறு வயதிலிருந்து இந்த ஆயுதத்தை வீசிக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் அதற்குப் பெயர் வைத்து அந்நியமாக்கியிருந்தேன்.

பிறகு அந்த வாக்கியங்களைப் பிரித்துப் பார்த்தோம். நடுவில் ‘என்ன’ நுழைந்தால் கேள்வி சூடாகிறது: ‘நான் வேலைக்காரியா’ என்பதை உண்மையான ஐயமாகக்கூடக் கேட்கலாம், ‘நான் என்ன வேலைக்காரியா’ என்பதை அப்படிக் கேட்க முடியாது. ‘மரத்தை வெட்டலாமா?’ கண்டிக்கிறது; ‘வெட்டக் கூடாதல்லவா?’ தோளில் கை போடுகிறது, ‘யார்தான் வெட்டமாட்டார்கள்?’ வெட்டியவனுக்குச் சாக்குத் தேடித் தருகிறது. ஊராட்சித் தலைவருக்கு எழுதும் விண்ணப்பத்தில் முதலாவதைப் போட்டால் காரியம் கெடும், இரண்டாவது பொருந்தும். இந்த நுட்பத்தைப் பிள்ளைகள் எனக்கு முன்பே பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அம்மாவிடம் எதைச் சொல்லலாம், அப்பாவிடம் எதைச் சொல்லக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

வீட்டு வழிக்கும் குறை உண்டு. திட்டும் தொனி கட்டுரையில் ஒட்டிக்கொள்ளும். குடிநீர் பற்றிய கட்டுரை மாமியார் சண்டை போல் ஒலிக்கும். அதற்கு ஒரு கட்டுப்பாடு: கேள்வியே இல்லாமல் கட்டுரையை முழுதாக எழுதி முடி, சான்றுகள் எல்லாம் வந்த பிறகு, ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் கேள்வியாக மாற்று. மாற்றியதைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடு. அவன் எதிரணி. அவனால் உனக்கு எதிராகப் பதில் சொல்ல முடிந்தால் பழையபடி வாக்கியமாக்கிவிடு. பெரியப்பாவின் லாரிக்குப் பிறகு பிறந்த விதி இது.

ஆகவே, என் தேர்வு வீட்டு வழியில் தொடங்கி, இலக்கணத்தின் அடிவாக்கியச் சல்லடையில் சலித்து, கடைசி வாரம் மட்டும் மேடைக்குப் போவது. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் பரிசும் வாங்குகிறார்கள், மறுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளை அடுத்த ஆண்டு வேறு தலைப்பில் பேசச் சொல்லிப் பாருங்கள்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி ஆழியாற்றுத் தண்ணீர் பற்றி எழுதினாள். தமிழகமும் கேரளமும் தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விடப்பட வேண்டும், ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி என்று மூன்று பத்தி. நான்காவதில் தன் தாத்தாவின் இரண்டு ஏக்கர் கடைமடை வயலைப் பற்றி நான்கு வரி. கடைசியில் ஒரே கேள்வி: “எங்கள் வாய்க்காலுக்கு வந்தது எத்தனை நாள்?”

எதிரணிப் பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதற்குப் பதில் இருக்கிறது டீச்சர், ஆனால் எனக்குத் தெரியாது” என்றான். விதிப்படி அது வாக்கியமாக மாற வேண்டுமா, கேள்வியாகவே நிற்கலாமா என்று அவள் என்னைக் கேட்டாள். மணி அடித்துவிட்டது. தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, திருத்தாமல்.