ஹீமோவா, பெரிட்டோனியலா? டயாலிசிஸ் ஆய்வுகள் எதுவரை கைகொடுக்கும்

எதில் ஆயுள் அதிகம்? சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் என்றதும் முதலில் வரும் கேள்வி இதுதான். நேர்மையான பதில் வேண்டுமென்றால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரத்தத்தை மெஷின் வழியே சுத்தம் செய்யும் ஹீமோடயாலிசிஸ், மறு பாதிக்கு வயிற்றுக்குள் திரவம் விட்டு அங்குள்ள சவ்வு வழியாகச் செய்யும் பெரிட்டோனியல் டயாலிசிஸ் என்று கொடுத்துப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் முயன்றார்கள், 2003ல் முடிவு வெளியானது. தகுதியானவர்கள் 773 பேர், குலுக்கலுக்குச் சம்மதித்தவர்கள் வெறும் 38 பேர்! அன்றாட வாழ்க்கையே மாறப்போகிற விஷயத்தை யார் குலுக்கலில் விடுவார்கள், சொல்லுங்கள்.

அதனால் நாம் படிக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை நோயாளிப் பதிவேடுகளை வைத்துப் போட்ட கணக்குகள். முதல் ஓரிரு ஆண்டுகளில் பெரிட்டோனியல் பக்கம் இறப்பு குறைவு என்று அவற்றில் பல காட்டும். உடனே நம்பிவிட வேண்டாம். அந்தப் பக்கம் போகிறவர்களில் வயது குறைந்தவர்கள், முன்கூட்டியே திட்டமிட்டவர்கள் அதிகம். மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்கு வந்து கழுத்து ரத்தக்குழாயில் கதீட்டர் என்ற குழாய் போட்டுக்கொண்டவர்களோ பெரும்பாலும் ஹீமோ கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். கனடா பதிவேட்டை வைத்து 2011ல் வந்த ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. ஃபிஸ்டுலாவோ (கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் ஊசி வழி) கிராஃப்டோ (அதையே செயற்கைக் குழாயால் இணைப்பது) தயாராக இருந்து ஹீமோ தொடங்கியவர்களின் முதல் ஆண்டு இறப்பும் பெரிட்டோனியல்காரர்களுடையதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கதீட்டரில் தொடங்கியவர்கள்தான் பின்தங்கினார்கள். என்னைக் கேட்டால் மற்ற பதிவேட்டு ஒப்பீடுகளைப் படிக்கும் முன் இதைப் படிக்க வேண்டும்.

சரி, ஹீமோவின் பலவீனம் எங்கே? இடைவெளியில். வாரம் மூன்று முறை, தலா நான்கு மணி நேரம் என்பதுதான் வழக்கம்; அதில் ஒருமுறை இரண்டு நாள் இடைவெளி விழும். அமெரிக்காவில் 32,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2011ல் வந்த ஆய்வில், அந்த நீண்ட இடைவெளி முடியும் நாளில் இறப்பும் மாரடைப்பு போன்றவையும் கூடுதலாக இருந்தன. அப்படியானால் ஒவ்வொரு முறையும் இன்னும் நன்றாகச் சுத்தம் செய்தால்? 2002ல் வந்த ஹீமோ ஆய்வு அதைத்தான் பார்த்தது, ஆயுளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. வாரம் ஆறு முறை செய்து பார்த்த 2010 ஆய்வில் இதயத்துக்கு நல்லது நடந்தது, ஆனால் ஃபிஸ்டுலாவைச் சரிசெய்யும் வேலையும் கூடியது.

பெரிட்டோனியலில் அந்த இடைவெளிப் பிரச்சினை இல்லை, தினமும் நடக்கிறது: கையால் செய்தால் பொதுவாக நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 2 லிட்டர் திரவம். மெஷின் வைத்துக்கொண்டால் இரவில் தூங்கும்போதே முடிந்துவிடும். ஆனால் இதன் உண்மையான சொத்து நோயாளிக்குத் தானாக இன்னும் வந்துகொண்டிருக்கும் சிறுநீர்தான், அது இந்த முறையில் பொதுவாக இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கிறது. கனடா–அமெரிக்கா கூட்டாய்வு ஒன்றை 2001ல் மறுபடி அலசியபோது, தினசரி சிறுநீர் 250 மி.லி. கூடும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 36% குறைவாக இருந்தது. டயாலிசிஸ் திரவத்தைக் கூட்டி அந்தப் பலனை வாங்க முடியவில்லை. மெக்சிகோவில் 965 பேரிடம் செய்து 2002ல் வந்த ஆய்வும் அதையே சொன்னது.

தொல்லைகளும் உண்டு. திரவத்திலுள்ள குளுக்கோஸ் உடலில் ஏறும், புரதம் வெளியேறும், வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தால் தொற்று என்று பயந்து ஓட வேண்டும், சில ஆண்டுகளில் வயிற்றுச் சவ்வும் களைத்துப்போகலாம். வயிற்றில் பல அறுவை சிகிச்சைகள் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. வீட்டில் சுத்தமாகச் செய்ய ஆளோ இடமோ இல்லையென்றால் ஹீமோவே மேல், நர்ஸ் பார்த்துக்கொள்வார்.

சிறுநீர் இன்னும் நன்றாக வருகிறது, வயிறும் வீடும் இடம் கொடுக்கிறது என்றால் நான் பெரிட்டோனியலில் தொடங்கச் சொல்வேன். அப்புறம் ஹீமோவுக்கு மாறுவது சுலபம். சிறுநீர் நின்றபின் ஹீமோவிலிருந்து பெரிட்டோனியலுக்கு வருகிறவருக்கு இந்த முறையின் பாதி லாபம் ஏற்கெனவே போயிருக்கும். ஹீமோதான் என்று முடிவாகிவிட்டால் ஃபிஸ்டுலாவுக்கான தேதியைச் சீக்கிரம் கேளுங்கள், அது ஊசி தாங்கும் நிலைக்கு வரவே பல வாரம் பிடிக்கும்.