பட்டர்வொர்த்தில் அம்மாவின் மருந்து டின்

மூன்று வார விடுப்பில் மெல்பர்னிலிருந்து பினாங்கு, பட்டர்வொர்த் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு 76 வயது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்து 20 வருடமாகிறது. இரண்டாம் நாள் விடியற்காலையில் சமையலறையில் உட்கார்ந்தபடி என்னை அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டார். நைட்டியெல்லாம் வேர்வை. விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தால், லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் 3.1. 4க்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி கழித்து 4.6 ஆனது. "வயசாச்சு, தடுமாறுறாங்க" என்று இத்தனை நாள் எல்லோரும் சொன்னது இதைத்தான் போல.

அப்புறம் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அரசாங்க கிளினிக் கொடுத்த அட்டையில் கிளிக்லசைடு என்றிருந்தது, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை. முழங்கால் வலிக்குப் போன தனியார் கிளினிக் ஒன்று, ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார் என்று கேட்காமலே கொடுத்த பெட்டியில் டயமிக்ரான். "பேரே வேறயாச்சேம்மா" என்றார் அம்மா. பேர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. இரண்டையும் தினமும் விழுங்கியிருக்கிறார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அன்றே டின்னோடு அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். காத்திருப்பு இரண்டு மணி நேரம். காத்திருந்தது வீண்போகவில்லை. மருந்தாளர் பெண் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்காமல், "இதை எப்போ, எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, வெள்ளிக்கிழமை விரதத்திலும் அம்மா மாத்திரையை விடுவதில்லை. 'செபெலும் மாக்கான்' என்று லேபிளில் மலாயில் இருக்கிறது, அதாவது சாப்பாட்டுக்கு முன். சாப்பாடே இல்லாத நாளுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

டாக்டர் டயமிக்ரானை நிறுத்தி, சிறுநீரகத்தைச் சோதிக்க ரத்தம் எடுக்கச் சொன்னார். சிறுநீரகம் தளர்ந்தால் இந்த மாத்திரைகள் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கும் ஆபத்து கூடும், இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினையும் குறைக்க வேண்டிவரும் என்றார். இந்த வயதில் சர்க்கரையை இழுத்துப் பிடிப்பதைவிட அது தாழாமல் இருப்பதே முக்கியமாம்.

இப்போது டின் மூடிக்குள் மருந்துப் பெயர்களைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் டின்னையே தூக்கிக்கொண்டு போவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.