சைலேஜ் மூட்டைகளுக்குப் பறவை வலை: பத்து மாதம் போட்டுப் பார்த்ததில்

கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பள்ளங்கியில் எங்களுக்கு மூன்று ஜெர்சி கலப்பு மாடுகள் இருக்கின்றன. மார்கழியில் உறைபனி விழுந்தால் வரப்புப் புல் எல்லாம் ஒரே வாரத்தில் கருகிவிடும். அந்த நாட்களுக்காக ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து மக்காச்சோள சைலேஜ் (புளிக்க வைத்த தீவனம்) வரவழைக்கிறோம். மூட்டை 60 கிலோ. ஒரு லோடுக்கு 40 மூட்டை, கிலோ 9 ரூபாய், வண்டி வாடகை தனி. மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ வீதம் போட்டால் ஐம்பது நாளுக்கு மேல் வர வேண்டும். போன மார்கழியில் அது நாற்பத்தைந்து நாள்கூட வரவில்லை. கெடுத்தது காக்கையும் மைனாவும்.

முதலில் இதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூட்டையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளில் பீன்ஸ் விதை அளவுக்கு ஒரு ஓட்டை, அவ்வளவுதான். ஆனால் அந்த மூட்டையை அறுத்தபோது ஓட்டையிலிருந்து ஒரு முழ ஆழத்துக்கு வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூசணம் பிடித்திருந்தது. உள்ளே கையை வைத்தால் சுடுகிறது. சைலேஜ் என்பது காற்றுப் படாமல் புளிக்க வைத்த தீவனம். உள்ளே உருவாகும் புளிப்புதான் அதைக் கெடாமல் வைத்திருக்கிறது. காற்று புகுந்தால் அந்தப் புளிப்பையே ஈஸ்ட் தின்றுவிடும், சூடு ஏறும், பின்னாலேயே பூசணம் வரும். நல்ல சைலேஜில் இளம் புளிப்பு வாசம் அடிக்கும். இதில் மழையில் நனைந்த சாக்கு நாற்றம்.

நாற்பதில் பதினொரு மூட்டையில் கொத்து விழுந்திருந்தது. நான்கை முழுசாகவே கழிக்க வேண்டியதாயிற்று. மேலே இருக்கிற பூசணத்தை வழித்துவிட்டு மிச்சத்தைப் போடலாமா என்று கால்நடை மருத்துவரைக் கேட்டேன். "வேண்டாம்மா, பூசண நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. பால் வரைக்கும் வந்துடும்" என்றார். அந்தப் பாலைத்தான் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஊற்றுகிறேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. "வெளிய கொட்டுனா மாடு மோந்துக்கிட்டே வந்துரும், குழி வெட்டிப் பொதைங்க" என்றார் என் அத்தை. அப்படியே செய்தோம்.

வலை வாங்குவதற்கு முன்பு ஜிகினா ரிப்பன் கட்டினோம், பழைய சிடி தொங்கவிட்டோம். பத்து நாள் வேலை செய்தது. பதினோராம் நாள் அண்டங்காக்கை அந்த ரிப்பன் கட்டிய கம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

தை மாதம் வத்தலக்குண்டில் ஒரு கடையில் முதல் வலையை வாங்கினேன். "பறவை வலைன்னா எல்லாம் ஒண்ணுதாங்கக்கா" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது மாடி வீடுகளில் புறாவுக்குக் கட்டுகிற 2 அங்குலக் கண் வலை. காக்கை நின்றது, மைனா நிற்கவில்லை. சிறகை ஒடுக்கிக்கொண்டு நுழைந்துவிடுகிறது. புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண் போதும், மைனா அளவுப் பறவைக்கு 28, சிட்டுக்குருவிக்கு 19 என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. 19 மில்லிமீட்டர் என்றால் முக்கால் அங்குலம். எங்கள் ஊருக்கு அதுதான் சரி. கடையில் "பறவை வலை" என்று மட்டும் கேட்காதீர்கள். கண் அளவைச் சொல்லிக் கேளுங்கள், டேப்பை வைத்து அளந்தும் பாருங்கள். 1,400 ரூபாய்க்கு வாங்கிய அந்த முதல் வலையில் இப்போது பட்டாணிக் கொடி ஏறுகிறது.

இரண்டாவதாக வாங்கியதுதான் நான் இங்கே சொல்ல வந்த வலை. கறுப்பு நிறம், முறுக்கு நூல், முக்கால் அங்குலக் கண், வெயில் தாங்கும் வகை, 25க்கு 30 அடி, 3,000 ரூபாய். இதைவிட மலிவாகத் தங்கூசி நரம்பில் (தூண்டிலுக்குக் கட்டுகிற ஒற்றை இழை நைலான்) பின்னிய வலையும் அதே கடையில் இருந்தது. தயவுசெய்து அதை வாங்காதீர்கள். எங்கள் கீழ்த் தோட்டத்தில் பிளம்ஸ் மரத்துக்கு அதைப் போட்டிருந்தார்கள். கன்னத்தில் சிவப்புப் பொட்டு வைத்த கொண்டைக்குருவி ஒன்று அதில் கால் சிக்கி, காலையில் நாங்கள் பார்க்கும்போது பாதி உயிரோடு தொங்கியது. துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு நரம்பை ஒவ்வொன்றாக வெட்டித்தான் எடுத்தோம். தீவனத்தைக் காக்கத்தான் வலை போடுகிறோம், குருவியைக் கொல்ல இல்லையே. முறுக்கு நூல் பறவையின் கண்ணுக்குத் தெரிகிறது. விறைப்பாகக் கட்டினால் மோதினாலும் சிக்காமல் திரும்பிப் போகிறது. பத்து மாதத்தில் எங்கள் வலையில் ஒரு பறவைகூட மாட்டவில்லை.

ஆனால் எந்த வலையானாலும் மூட்டை மேல் படுகிற மாதிரி விரித்தால் பணம் வீண். காக்கை வலை மேலேயே உட்கார்ந்து கண் வழியாக அலகை விட்டுக் கொத்தும். எங்கள் 40 மூட்டையும் இரண்டு அடுக்காக ஏழரை அடிக்கு ஒன்பதரை அடி இடத்தில் அடங்கிவிடுகிறது. அதைச் சுற்றி 12க்கு 14 அடியில் யூகலிப்டஸ் கம்பு நட்டு, ஆறடி உயரத்தில் கட்டுக்கம்பி இழுத்து, அதன் மேல் வலையைப் போட்டோம். மேலேயும் நான்கு பக்கமும் மூட்டைக்கும் வலைக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. உள்ளே ஆள் நுழைந்து மூட்டை எடுக்கவும் அது வசதி.

கட்டிய விதத்தில் ஒரு குறை ஐப்பசியில் தெரிந்தது. ராத்திரி முழுக்க மேகம் இறங்கினால் ஒவ்வொரு கண்ணிலும் நீர் கோர்த்து, நடுவில் வலை தொட்டில் மாதிரி தொங்கிவிடுகிறது. குறுக்கே இன்னும் இரண்டு கம்பி இழுத்த பிறகு சரியானது. நம் பக்கம் வடகிழக்கு மழைதான் கனமாக வரும், அதனால் முதலிலேயே குறுக்குக் கம்பி போட்டுவிடுங்கள். தரையில் விளிம்பை மடித்துக் கல் வைத்து அழுத்த வேண்டும். தளர்வாகக் கிடந்தால் சாரைப்பாம்பு மாட்டிக்கொள்ளும். எலி பிடிக்கிற அந்த ஜீவன் நமக்கு வேண்டும், ஏனென்றால் எலியை இந்த வலை தடுக்காது, கடித்துவிட்டு உள்ளே போகும். எலிக்கு நாங்கள் பலகை மேல் மூட்டை அடுக்கி, சுற்றிப் புல்லைச் செதுக்கி வைக்கிறோம். காட்டுமாட்டுக்கும் இது ஒரு தடையே இல்லை. ஆவணியில் ஒரு ராத்திரி ஒன்று கொம்பால் இழுத்து ஒரு மூலையைக் கிழித்துவிட்டது. நைலான் கயிற்றால் நானே தைத்தேன், அரை மணி நேர வேலை.

வலை கட்டிய பிறகு இரண்டு லோடு இறக்கியிருக்கிறோம். எண்பது மூட்டையில் மூன்றில்தான் ஓட்டை, அதுவும் இறக்கும்போது கம்பு குத்தியது. பறவை கொத்தியது ஒன்றுகூட இல்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும், இதில் பாதிப் புண்ணியம் துடைப்பத்துக்கு. இறக்கும்போது சிந்துகிற சோள மணிதான் பறவையைக் கூப்பிடுகிறது. அன்றைக்கே கூட்டி அள்ளிவிடுகிறோம்.

ஓட்டை விழுந்த மூட்டைக்கு, கடையில் பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் ஆகாது. இரண்டு மழைக்கு உரிந்துவிடும். சைலேஜுக்கென்றே வரும் அகல டேப்பை, தாளைத் துடைத்து ஈரம் காய்ந்த பிறகு, மதிய வெயிலில் ஒட்டுங்கள். காலைப் பனியில் ஒட்டினால் பிடிக்காது. அப்புறம் அந்த மூட்டையை முதலில் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

மூட்டைக்கு 540 ரூபாய். போன வருடம் குழியில் போட்ட நான்கு மூட்டை விலையில் வலைக்கான பணத்தில் முக்கால்வாசி வந்துவிடும். கம்பு சொந்தத் தோட்டத்தில் வெட்டியது, கம்பிக்கு 450 ஆனது. நூல் இன்னும் வெளிறவில்லை, இழுத்தாலும் அறுபடவில்லை. மூட்டையெல்லாம் கொட்டகைக்குள் வைக்க இடம் உள்ளவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம், வாசலுக்கு மட்டும் ஒரு துண்டு வலை போதும்.

இப்போது மைனாக்கள் வைக்கோல் படப்புக்கு மாறிவிட்டன. மிச்ச நெல்லைத் தேடி மேல் கூரையை உருவி உருவிப் போடுகின்றன, அந்த வழியாக மழை இறங்குகிறது. அடுத்த சந்தைக்குக் கீழே இறங்கும்போது அதற்கும் ஒன்று வாங்க வேண்டும்: 20க்கு 20, அதே முக்கால் அங்குலம், அதே முறுக்கு நூல்.