வைரஸ் இல்லாத கோப்பை வைரஸ் என்றால்: அணைப்பதா, விலக்குக் கொடுப்பதா, காத்திருப்பதா?

நேற்று மாலைவரை ஒழுங்காக ஓடிய மென்பொருளை இன்று காலை ஆன்டிவைரஸ் 'வைரஸ்' என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? குன்னூரிலும் கோத்தகிரியிலும் கணினி பழுது பார்க்கும் எங்களைப் போன்றவர்களிடம் இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. கேட்பவரிடமே ஒரு பதிலும் தயாராக இருக்கும்: "ஆன்டிவைரஸை எடுத்துவிடட்டுமா?" அவசரப்பட வேண்டாம். கைவசம் வழிகள் பல இருக்கின்றன; அவற்றின் செலவும் ஆபத்தும் ஒரே மாதிரி இல்லை. எதற்கு எது தேவலாம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

இங்கே அடிக்கடி மாட்டிக்கொள்வது இலைக் கணக்கு மென்பொருள். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளில், உள்ளூர்க்காரர் ஒருவர் என்றைக்கோ எழுதிக்கொடுத்த மென்பொருள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். யார் எத்தனை கிலோ போட்டார், ஈர இலைக்கு எவ்வளவு கழித்தார்கள், முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு நாள் காலையில் அதன் ஷார்ட்கட் மட்டும் தன் படத்தை இழந்து வெள்ளைத் தாளாகத் திரையில் நிற்கும். திறக்கப் போனால், அது சுட்டும் கோப்பு இடம் மாறிவிட்டது அல்லது நீக்கப்பட்டுவிட்டது என்று விண்டோஸ் சொல்லும். கணக்கு எழுதுபவருக்கு உயிரே போய்விடும். ஆனால் பெரும்பாலும் கணக்கு எங்கும் போயிருக்காது. தரவுக் கோப்புகள் அதே ஃபோல்டரில் அப்படியே இருக்கும். அவற்றைத் திறக்கும் இஎக்ஸ்இ கோப்பு மட்டும், சந்தேகப்பட்டவற்றை ஆன்டிவைரஸ் ஒதுக்கிவைக்கும் குவாரன்டைனில் பூட்டப்பட்டிருக்கும். இந்த நேரத்தில் பழையதை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறேன் என்று இறங்கினால்தான் உண்மையான இழப்பு வரும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் தரவு ஃபோல்டரை வேறு டிரைவுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிவைரஸ் இப்படித் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. பழைய காலத்தில் அது, தெரிந்த வைரஸின் துண்டு கோப்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் தேடியது. புதுப்புது வைரஸ்கள் பெருகியபின் அது போதவில்லை. இப்போது கோப்பின் அமைப்பு, நடத்தை, உலகத்தில் எத்தனை கணினிகளில் அது காணப்பட்டிருக்கிறது என்பவற்றையும் சேர்த்து ஊகிக்கிறது. நம் இலைக் கணக்கு மென்பொருள் ஒரு சில தொழிற்சாலைகளில் மட்டுமே ஓடுவது. எழுதியவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் அதில் இராது. அளவைக் குறைக்க யூபிஎக்ஸ் போன்ற கருவியால் சுருக்கியிருப்பார்கள். வைரஸ் எழுதுகிறவர்களும் அதே கருவியைப் பயன்படுத்துகிறார்கள். பைஇன்ஸ்டாலர், ஆட்டோஹாட்கீ ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கிய இஎக்ஸ்இ கோப்புகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கு வேறொரு தொல்லை. நாம் அழுத்தும் விசையை இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றுவது அதன் வேலை. கடவுச்சொல் திருடும் கீலாக்கரும் விசைகளை இடைமறித்துத்தான் திருடுகிறது.

எச்சரிக்கையில் வரும் பெயரைப் படியுங்கள். அதில் 'ஜென்' (Gen), 'ஹியூர்' (Heur) போன்ற சொற்கள் இருந்தாலோ, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கொடுத்த பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறியும் 'எம்எல்' (ml) என்ற எழுத்துகளும் இருந்தாலோ, அது ஊகத்தின் பேரில் பிடித்தது என்று பொருள். ஊகம் சரியாகவும் இருக்கலாம். இருந்தாலும் விசாரிக்க இடமிருக்கிறது. நீலத் திரையில் 'உங்கள் கணினியை விண்டோஸ் பாதுகாத்தது' என்று வரும் ஸ்மார்ட்ஸ்கிரீன் செய்தி வேறு. அதிகம் அறியப்படாத கோப்பு என்பதாலேயே அது வரக்கூடும். அதை வைத்து வைரஸ் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இனி வழிகளுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் செலவு குறைந்தது, பலரும் நினைத்துப் பார்க்காதது: ஆன்டிவைரஸை அப்டேட் செய்துவிட்டு மறுபடி சோதிப்பது. தவறான எச்சரிக்கை பல சமயம் நிறுவனம் அனுப்பிய அப்டேட்டிலேயே பிறக்கிறது; அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடுகிறது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் என்ற அடிப்படைக் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது; உலகமெங்கும் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகி முடங்கின. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன்னுடைய அப்டேட் கோப்புகளையே சந்தேகப்பட்டது. 2022 செப்டம்பர் 4 அன்று மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் குரோம், எட்ஜ் போன்றவற்றைத் திறந்தபோதெல்லாம் 'ஹைவ்' என்ற பெயரில் எச்சரிக்கை காட்டியது. அன்றைக்கே திருத்தமும் வந்தது.

நம் நீலகிரி மலைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் இணையம் நாட்கணக்கில் வராது. தவறான அப்டேட்டை வாங்கிக்கொண்ட கணினிக்குத் திருத்தம் வந்து சேராது. உலகம் முழுவதும் ஓய்ந்துபோன எச்சரிக்கை இங்கே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் மட்டும் தொடரும். அத்தகைய கணினியை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அப்டேட் செய்தாலே சிக்கல் தீர்ந்துவிடலாம். வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

ஆன்டிவைரஸையே அணைத்துவிடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. ஒரே ஒரு கோப்பை உள்ளே விடுவதற்காக மின்னஞ்சல், பென் டிரைவ், பிரவுசர் என்று எல்லாப் பக்கமும் காவல் போய்விடுகிறது. அதோடு, நினைத்த காரியமும் நடப்பதில்லை. டிஃபெண்டரின் நிகழ்நேரப் பாதுகாப்பை அமைப்புகளில் போய் அணைத்தால், சற்று நேரத்தில் அது தானாகவே திரும்ப வந்துவிடும். வந்தவுடன் அதே கோப்பை மறுபடி பூட்டும். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை என்று தினமும் அணைத்துக்கொண்டிருக்கும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விலக்குக் கொடுப்பது, அதாவது 'இதைச் சோதிக்காதே' என்று ஆன்டிவைரஸிடம் சொல்லிவைப்பது, அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் எதற்கு விலக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சி டிரைவ் முழுவதற்கும் விலக்குக் கொடுத்துவைத்த கணினிகள் பழுதுக்கு வருகின்றன. டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குக் கொடுத்தவர்களும் உண்டு. வைரஸ் முதலில் வந்து இறங்கும் இடமே அதுதான். இஎக்ஸ்இ வகைக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் விலக்குக் கொடுப்பது எல்லாவற்றையும்விட மோசம். தீய மென்பொருள்கள் கணினிக்குள் நுழைந்ததும் தாமே விலக்குப் பட்டியலில் இடம் பிடிக்க முயல்வது தெரிந்த தந்திரம். அப்படியிருக்க நாமே அகலமாகத் திறந்து வைக்கலாமா?

ஒரே ஒரு கோப்புக்கு, முழுப் பாதையையும் கொடுத்து விலக்குச் செய்யுங்கள். அதிலும் ஒரு குறை இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிஃபெண்டர் அங்கே பார்ப்பது கோப்பின் பெயரையும் இடத்தையும் மட்டுமே, உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை. அதே இடத்தில் அதே பெயரில் வேறொரு கோப்பு வந்து உட்கார்ந்தால் அதற்கும் அந்தச் சலுகை கிடைத்துவிடும். சில ஆன்டிவைரஸ்களில் கோப்பின் ஹாஷை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற அடையாளத்தை, வைத்து விலக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது. இருந்தால் அதையே எடுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் விலக்குச் செல்லாது. எப்படிக் கொடுத்தாலும் விலக்கு தற்காலிகமானது. திருத்தம் வந்ததும் நீக்க வேண்டும்.

விலக்குக் கொடுக்கத் தகுதியான கோப்புதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் வைரஸ்டோட்டல் உதவுகிறது. 2004இல் ஸ்பெயினில் தொடங்கி 2012இல் கூகுள் வசம் போன சேவை அது. ஒரு கோப்பைச் சுமார் 70 ஆன்டிவைரஸ் எஞ்சின்களைக் கொண்டு சோதித்து, யார் என்ன சொல்கிறார்கள் என்று காட்டும். இரண்டு மூன்று அறியப்படாத எஞ்சின்கள் மட்டும் பொதுப்பெயரில் சந்தேகப்பட்டு, மற்றவை சும்மா இருந்தால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதிக்கு மேல் பிடித்தால் பேச்சுக்கே இடமில்லை. நடுவில் நிற்கும் எண்ணிக்கைதான் ஏமாற்றும். பிட்டிஃபெண்டரின் எஞ்சினை வேறு நிறுவனங்களும் வாங்கிப் பயன்படுத்துவதால், ஐந்தாறு பேர் ஒரே பெயரைச் சொன்னாலும் அது ஒருவருடைய கருத்தாகவே இருக்கலாம். பூஜ்யம் என்று வந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. இன்று காலை பிறந்த வைரஸை இன்று மாலை யாருக்கும் தெரிந்திருக்காது. ஆகவே எண்ணிக்கையோடு, அந்தக் கோப்பு அங்கே முதன்முதலில் எப்போது காணப்பட்டது என்ற தேதியையும் பாருங்கள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வைரஸ்டோட்டலில் ஏற்றும் கோப்பு அங்கேயே அடங்கி இருப்பதில்லை. ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கும் பணம் கட்டிய ஆய்வாளர்களுக்கும் போகிறது. இலைக் கணக்கு மென்பொருளின் இஎக்ஸ்இ கோப்பை ஏற்றலாம். விவசாயிகளின் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் அடங்கிய எக்செல் கோப்பை, அதற்குள் இருக்கும் மேக்ரோ என்ற சிறு நிரலைப் பற்றி எச்சரிக்கை வந்தது என்பதற்காக ஏற்றவே கூடாது. அந்தத் தகவல் அவர்களுடையது. வெளியே விட நமக்கு உரிமை இல்லை. அதற்கு மாற்று இருக்கிறது. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் (Get-FileHash) கட்டளையைக் கொடுத்தால் 64 எழுத்துகள் கொண்ட எஸ்எச்ஏ-256 ஹாஷ் கிடைக்கும். அதை மட்டும் வைரஸ்டோட்டலில் தேடலாம். கோப்பு நம் கணினியை விட்டு நகராது. ஏற்கெனவே வேறு யாராவது அதே கோப்பை ஏற்றியிருந்தால் முடிவும் வந்துவிடும்.

ஹாஷுக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். மென்பொருளை எழுதியவரிடம் தொலைபேசியில் கேட்டு, அவரிடம் இருக்கும் மூலக் கோப்பின் ஹாஷோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றானால், அவர் கொடுத்த கோப்பு நடுவில் மாறவில்லை என்பது உறுதி. வேறாக இருந்தால், அவர் பின்னால் புதிய பதிப்பு கொடுத்தாரா என்று கேளுங்கள். இல்லை என்றால், ஆன்டிவைரஸ் சொல்வது உண்மையாக இருக்கலாம். கோப்புக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும் வைரஸ்கள் இன்னும் ஒழியவில்லை. 70 எஞ்சின்களின் ஊகத்தைவிட, எழுதியவரோடு பேசும் இந்த ஐந்து நிமிடம் எனக்குப் பெரிது.

ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பிக் காத்திருப்பதுதான் வேரோடு தீர்க்கும் வழி. மைக்ரோசாஃப்ட் உட்பட முக்கிய நிறுவனங்கள் இதற்கென்றே பக்கம் வைத்திருக்கின்றன. கோப்பையும் எச்சரிக்கைப் பெயரையும், இது என்ன மென்பொருள் என்ற இரண்டு வரி விளக்கத்தையும் அனுப்பினால் அவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். பலன் அதே மென்பொருளை ஓட்டும் மற்றத் தொழிற்சாலைகளுக்கும் சேரும். இதன் குறை நேரம். சில சமயம் அன்றே பதில் வரும். சில சமயம் நாட்கள் ஆகும். விவசாயிகளுக்குப் பட்டுவாடா நாளை என்றால் காத்திருக்க முடியாது. ஹாஷ் பொருந்தினால் அந்த ஒரு கோப்பைக் குவாரன்டைனிலிருந்து மீட்டு, விலக்குக் கொடுத்து வேலையை முடியுங்கள். புகாரையும் அன்றே அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்து போனால்தான் விலக்கை ஒரு நாள் நீக்க முடியும்.

வேறு ஆன்டிவைரஸுக்கு மாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதியது வேறொரு கோப்பில் தடுமாறும். இரண்டை ஒரே கணினியில் போடுவது வேகத்தைக் கெடுக்கும். கணினியின் மற்றப் பகுதிகளைத் தொடாத தனிச் சோதனை இடமான விண்டோஸ் சான்ட்பாக்ஸில் ஓட்டிப் பார்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் அது ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் உண்டு, ஹோம் பதிப்பில் கிடையாது.

இதுவரை சொன்ன எந்த வழியும் பொருந்தாத இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, கடைக்குக் கடை சுற்றிவரும் பென் டிரைவ். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது அசல் வைரஸ், எச்சரிக்கையை நம்புங்கள். இரண்டாவது, பணம் கட்டாமல் ஓட்டுவதற்காக உரிமப் பூட்டை உடைத்த, 'கிராக்' செய்த மென்பொருள். அச்சுக் கூடங்களிலும் ஸ்டுடியோக்களிலும் இது சகஜமாக இருக்கிறது. 'இன்ஸ்டால் செய்யுமுன் ஆன்டிவைரஸை அணைக்கவும், இது தவறான எச்சரிக்கை' என்று அந்தக் கோப்போடு வரும் குறிப்பே எழுதியிருக்கும். அந்த வரியை எழுதியவருக்கு நாம் யார் என்று தெரியாது, அவர் யார் என்று நமக்கும் தெரியாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் பரவியதே பெரும்பாலும் இத்தகைய கிராக்குகள் வழியாகத்தான். கல்யாண ஆல்பம் முழுவதும் பூட்டப்பட்ட ஹார்ட் டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஸ்டுடியோக்காரருக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் இல்லை.

மென்பொருள் எழுதும் உள்ளூர் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது எல்லோராலும் முடியாது என்பது புரிகிறது. ஆனால் யூபிஎக்ஸ் சுருக்கத்தைக் கைவிட ஒரு பைசா செலவில்லை. இன்றைய ஹார்ட் டிஸ்குகளுக்கு அந்தச் சில எம்பி ஒரு பொருட்டே இல்லை. புதிய பதிப்பைக் கொடுக்கும் முன்பே ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பாருங்கள். பதிப்பு எண்ணையும் ஹாஷையும் ஒரு தாளில் அச்சிட்டு, தொழிற்சாலைக் கணக்கர் மேசையில் ஒட்டிவிட்டு வாருங்கள்.