‘ஒருக்காச் செய்தாப் போதும் அன்ரி’

புற்றுநோய்க்காக எடுத்த மார்பை என் சொந்தக் கொழுப்பால் எழுப்பித் தருவதாகச் சொன்ன ஒரு கிளினிக்கிடம் நான் ஏமாந்த கதை இது. முதலில் காசுக் கணக்கு. யாருக்குச் சொன்னாலும் கடைசியில் “எவ்வளவு போச்சு?” என்றுதான் கேட்கிறார்கள். முற்பணம் 150,000 ரூபா. கத்தி வைக்க முதல்நாள் 500,000. ‘ஸ்டெம் செல்’ என்று புறம்பாக 85,000. இறுக்கிப் பிடிக்கிற உள்ளாடை ஒன்று 18,000. மொத்தம் 753,000, பஸ் காசும் கொழும்பில் தங்கின செலவும் இதில் இல்லை. கனடாவில் இருக்கும் தங்கச்சி பாதி அனுப்பினாள். மிச்சத்துக்கு வைத்த இரண்டு சோடிக் காப்பு இன்னும் அடகில் கிடக்கிறது. இவ்வளவுக்கும் என் இடப்பக்கத்தில் இன்று இருப்பது ஒரு தேசிக்காயளவு மேடு. அதிலும் ஒரு மூலை கல்லுப்போல.

அந்தக் கிளினிக்கின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். பெயர் தெரியாமலே நீங்கள் தப்பிக்கொள்ளும் அளவுக்கு மற்ற எல்லாவற்றையும் சொல்கிறேன்.

எனக்கு 49 வயது, வடமராட்சி. 2021இல் இடது மார்பை முழுதாக எடுத்தார்கள். பிறகு மருந்தேற்றி, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கரண்டும் (கதிர்ச் சிகிச்சை) பிடித்து, 2022இல் சிகிச்சை முடிந்தது. புற்றுநோய் திரும்பி வராமலிருக்கத் தருகிற தமொக்சிபன் குளிசை இன்றும் போடுகிறேன். தெல்லிப்பழையில் என்னைப் பார்த்தவர்களைப் பற்றி ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். உயிர் இருக்கிறது, அது அவர்கள் தந்தது.

“உயிர் தப்பினது காணாதோ, இந்த வயசில என்னத்துக்கு உது?” என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு சம்பவம். 2023 நல்லூர்த் தேர். சேலைக்குள் நூலில் பின்னிய ஒரு பொய் மார்பு வைத்திருந்தேன், உள்ளே பஞ்சு. வியர்வையும் நெரிசலும் சேர, வீதி சுற்றி வருவதற்குள் அது கழுத்தடிக்கு ஏறிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெட்டை அதைப் பார்த்துத் தாயின் சேலையைப் பிடித்து இழுத்தது. தாய் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டா. அந்தத் திரும்பல்தான் எனக்குத் தாங்கவில்லை. இது அழகுப் பைத்தியம் என்றால் அப்படியே இருக்கட்டும்.

அன்றிரவு போனில் தேடினேன். தேடின அடுத்த நாளிலிருந்து பேஸ்புக் திறந்தாலே விளம்பரம். “உங்கள் சொந்தக் கொழுப்பு, உங்கள் சொந்த மார்பு.” யாழ்ப்பாணத்திலேயே ஒரு கிளினிக். தோல் வெளுப்பாக்குவது, முகத்து மயிர் எடுப்பது, அதோடு இதுவும். அந்தச் சேர்க்கையைப் பார்த்தே நான் திரும்பியிருக்க வேண்டும்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளை ஒன்று என்னை இருத்திக் கதைத்தது. டொக்டர் என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லவில்லை, அல்லவென்றும் சொல்லவில்லை.

“ஒருக்காச் செய்தாப் போதும் அன்ரி. வயித்துக் கொழுப்பை ஊசியால இழுத்து மார்புக்கு விடுறது. சிலிக்கோன் இல்லை, பெரிய வெட்டுக்கொத்து இல்லை. அடுத்த நாளே வீட்ட வரலாம்.”

“கான்சர் வந்த ஆக்களுக்கும் செய்யிறனீங்களோ பிள்ளை?”

“ஐயோ அன்ரி, எத்தினை பேருக்குச் செய்திருக்கிறம்!”

ரப்லெற்றில் படங்கள் காட்டியது. முன், பின், முன், பின். எல்லாம் வடிவாகத்தான் இருந்தன. அந்தப் படங்களில் ஒன்றிலும் வெட்டின தழும்பு இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இருக்கிற மார்பைப் பெருப்பித்தவர்களின் படங்கள் அவை. மார்பே இல்லாத நெஞ்சில் ஒன்றை எழுப்புவது வேறு வேலை.

என்னிடம் என்ன கேட்கவில்லை என்பதைப் பிறகு இருந்து யோசித்தேன். கரண்ட் பிடித்ததா என்று கேட்கவில்லை. சிகிச்சை எப்போது முடிந்தது, என்ன குளிசை போடுகிறேன், மற்ற மார்புக்குக் கடைசியாக எப்போது மமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) எடுத்தது, ஒன்றும் இல்லை. தெல்லிப்பழையில் தந்த என் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன், வாங்கி விரித்துக்கூடப் பார்க்கவில்லை. காசோ கார்ட்டோ என்று கேட்டார்கள்.

2024 தைப்பொங்கல் கழிய, இரவு பஸ்ஸில் நானும் மகளும் கொழும்புக்குப் போனோம். கிளினிக் எங்களை அனுப்பினது அங்கே ஒரு சின்னத் தனியார் வைத்தியசாலைக்கு. கத்தி வைக்கப் போகிற டொக்டரை நான் கண்டது தியேட்டருக்குப் போகப் பத்து நிமிடத்துக்கு முன்தான். பேனையால் வயிற்றிலும் தொடையிலும் கோடு கீறினார். எவ்வளவு கொழுப்பு வைப்பீர்கள் என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். உள்ளே போய்ப் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். மகள் வாசித்து முடிக்க முதல் பேனையை என் கையில் தந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் அவர் நிபுணர் அல்லர் என்று நான் அறிந்தது மாதங்கள் கழித்து.

அடுத்த நாள் காலை வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிவிட்டார்கள். துண்டு என்று சொல்கிறேனே தவிர, கையில் தந்தது பில்லும் வலிக்குளிசையும்தான். அன்றிரவே பஸ். தொடை இரண்டும் கத்தரிக்காய் நிறம். முறிகண்டியில் பஸ் நின்றபோது எல்லாரும் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க, நான் இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. மகள் இறங்கி எனக்காகவும் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தாள். தமொக்சிபன் இரத்தக்கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மருந்து என்பதும், சத்திரசிகிச்சைக்கு முன் அதை நிறுத்துவதா என்று புற்றுநோய் வைத்தியரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதும், கத்தி வைத்த கையோடு எட்டு மணித்தியாலம் காலைத் தொங்கப்போட்டு இருந்து வந்தது எவ்வளவு மடைவேலை என்பதும் அந்த இரவில் எங்கள் இருவருக்கும் தெரியாது. பிள்ளையாருக்குத் தெரிந்திருக்கும்போல.

முதல் இரண்டு கிழமை சந்தோஷமாகத்தான் போனது. சட்டை நிரம்பியிருந்தது. கண்ணாடியில் பக்கவாட்டாக நின்று பார்த்திருக்கிறேன், பொய் சொல்வானேன். பாதி வீக்கம் அது. இரண்டாம் மாதம் சட்டை தளர்ந்தது. மூன்றாம் மாதம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. போன் எடுத்தேன்.

“அது நோர்மல் அன்ரி. ரெண்டாவது செஷன் செய்ய வேணும்.”

“ஒருக்காத்தான் எண்டு சொன்னனீங்கள்?”

“அது ஆளாளுக்கு வித்தியாசப்படும். ரெண்டாவதுக்கு உங்களுக்குப் பத்து வீதம் கழிச்சு விடலாம்.”

அந்தப் பத்து வீதத்தோடு நின்றிருந்தால் காசோடு போயிற்று என்று விட்டிருப்பேன். நாலாம் மாதம் கிணற்றடியில் குளிக்கும்போது தழும்புக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கச்சான் கொட்டையளவு. இறுக்கம். நகரவில்லை. வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு ஈரச்சேலையோடு அப்படியே இருந்துவிட்டேன். ஒருதரம் வந்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் வேறு எந்த நினைப்பும் வராது.

தெல்லிப்பழைக்கு ஓடினேன். டொக்டர் தடவிப் பார்த்துவிட்டு, கொழுப்பு ஏற்றிய கதையைக் கேட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூன்றே கேள்வி. “எத்தனை மில்லிலீற்றர் விட்டவை? எந்தெந்த இடத்தில? அதுக்கு முதல் ஸ்கான் எடுத்தவையோ?” மூன்றுக்கும் என்னிடம் இருந்தது பில். கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். குறிப்பெல்லாம் கொழும்பில் என்றார்கள். கொழும்பில் டொக்டர் வெளிநாடு என்றார்கள். மூன்றாந்தரம் எடுத்தபோது என் இலக்கத்தையே அடைத்துவிட்டார்கள்.

ஸ்கானில் ஐமிச்சம் தீரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய படமும் இல்லை. சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கிற பயொப்சி செய்தார்கள். முடிவு வர 11 நாள். அந்த 11 நாளும் என் மனுசன் பின்வளவில் இருந்த வேலியை அவிழ்த்து, அவிழ்த்ததைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொல் கதைக்கவில்லை.

வந்தது புற்றுநோய் இல்லை. செத்துப்போன கொழுப்பு இறுகிய கட்டி.

அதற்குப் பிறகுதான், முதலில் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போனேன். யாழ் போதனா வைத்தியசாலையில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தெல்லிப்பழையிலிருந்து கடிதம் கொண்டு போனால் பார்ப்பார்கள், காசு இல்லை. காத்திருக்க வேணும், அவ்வளவுதான். அங்கே இருந்த டொக்டர் தாளில் படம் கீறிச் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன்.

உறிஞ்சி எடுத்த கொழுப்பு இரத்தக்குழாய் அறுந்த கொழுப்பு. புது இடத்தில் முதல் சில நாள் சுற்றியுள்ள சதையின் ஈரத்தில் தாக்குப்பிடிக்கும். அதற்குள் புதுக் குழாய்கள் வந்து சேர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். “மிளகாய்க்கண்டைக் கட்டோட ஒரே குழியில வைச்சா என்ன நடக்கும் அம்மா? நடுவில நிக்கிறது அழுகும்” என்றார். ஆகவே மெல்லிய நூல்போல, துளித் துளியாக, பல படையில் விடவேண்டும். ஒரே தரத்தில் கனக்க விட இடமில்லை. நன்றாகச் செய்தாலும் 30 முதல் 50 வீதம் வரை கரைந்துபோவது வழமை, சிலருக்கு அதைவிடக் கூட. முழு மார்பையும் கொழுப்பால் மட்டும் எழுப்புவதென்றால் மூன்று தரம், நாலு தரம், அதற்கு மேலும் செய்யவேண்டி வரலாம். ஒவ்வொன்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி. கரண்ட் பிடித்த தோல் இறுகி, இரத்தோட்டம் குறைந்து கிடக்கும், அதில் பிடிப்பது இன்னும் கஷ்டம். என்னிடம் கிளினிக் கேட்காத கேள்வி இதுதான். கேட்டிருந்தால் ‘ஒருக்கா’ என்று சொல்ல வாய் வந்திராது.

செத்த கொழுப்பு சும்மா கரைந்தும் போகும், எண்ணெய்க் கட்டியாகவும் நிற்கும், சுண்ணாம்பு படிந்து இறுகவும் செய்யும். இதை நினைத்துத்தான் அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் சங்கம் 1987இல் மார்பில் கொழுப்பு ஏற்றவே வேண்டாம் என்று சொன்னது: மமோகிராமில் புற்றுநோயை மறைத்துவிடும், அல்லது புற்றுநோய்போலக் காட்டிவிடும் என்ற பயம். பிறகு படமெடுக்கும் முறைகள் முன்னேறி, இரண்டையும் பெரும்பாலும் பிரித்தறியலாம் என்று வந்தபின் 2009இல் அந்த நிலைப்பாட்டை மாற்றினார்கள். ஆனால் பிரித்தறிகிறவருக்கு முந்தைய ஸ்கானும், எங்கே எவ்வளவு விட்டது என்ற குறிப்பும் வேண்டும். என் 11 நாளும் அந்த ஒரு தாள் இல்லாததால் போன நாள்கள்.

‘ஸ்டெம் செல்’ பற்றிக் கேட்டபோது டொக்டர் சிரித்தார். அந்தக் கலங்கள் கொழுப்பில் இயல்பாகவே இருக்கின்றனவாம். என் கொழுப்பில் இருந்ததை எனக்கே விற்றிருக்கிறார்கள், 85,000 ரூபாவுக்கு.

கொழுப்பு ஏற்றுவது பொய் வைத்தியம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவரும் அப்படிச் சொல்லவில்லை. கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குப் பள்ளத்தை நிரப்ப, வேறு முறையில் எழுப்பிய மார்பின் விளிம்பைச் சரிப்படுத்த, கரண்ட் பிடித்த தோலைக் கொஞ்சம் இளகவைக்கக்கூட நல்ல முறை. முழு மார்பு வேண்டுமென்றால் முதுகுத் தசையைத் திருப்பி வைப்பது, வயிற்றுச் சதையைக் கொண்டுவருவது, சிலிக்கோன் என்று வேறு வழிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித் தனிச் சிக்கலும் உண்டு. ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு தெரிவுதான் அம்மா என்றார். இதை எனக்குச் சொன்ன முதல் ஆள் அவர்.

நீங்கள் யாரேனும் இப்போது முற்பணம் கட்டுகிற யோசனையில் இருந்தால், கட்ட முதல் உங்களைப் பார்த்த புற்றுநோய் வைத்தியரிடம் போய்ச் சொல்லுங்கள். கத்தி வைக்கப் போகிறவரின் முழுப்பெயரை எழுதி வாங்கி, இலங்கை மருத்துவ சபையின் பதிவில் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் அவர் நிபுணரா என்று நேரே கேளுங்கள். எத்தனை தரம் செய்யவேண்டி வரும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, இதை எழுதித் தரச் சொல்லுங்கள். படம் காட்டினால் தழும்பைத் தேடுங்கள். வீட்டுக்கு வரும்போது சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதி கையில் இல்லாமல் வாசலைக் கடக்காதீர்கள்.

மகள் முதலே பொலிசுக்குப் போவோம் என்று நின்றாள். நான்தான் மறித்தேன். எங்கே போனாலும் எந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்று ஓர் ஆண் முன்னால் நின்று சொல்லவேண்டுமே என்ற கூச்சம். பிறகு யோசித்தேன்: இந்தக் கூச்சத்தைத்தான் அவர்கள் முதலாகப் போட்டு வியாபாரம் செய்கிறார்கள். பின்னர் இரண்டு கடிதம் எழுதினோம். டொக்டரைப் பற்றி மருத்துவ சபைக்கு ஒன்று, வைத்தியசாலையைப் பற்றித் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு ஒன்று. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் வைத்தியசாலைகள் பதிய வேண்டிய இடம் அது. விளம்பரத்தில் சொன்னதும் செய்ததும் வேறு என்பதற்காக நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைத்தோம். பதிவுத்தபால் துண்டுகளை மகள் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வைத்திருக்கிறாள். பதில் இன்னும் இல்லை.

போன கிழமை அவர்களின் விளம்பரம் தங்கச்சியின் போனில் கனடாவிலும் வந்திருக்கிறது. எடுத்து எனக்கு அனுப்பினாள். புதுப் படம் ஒன்று போட்டிருக்கிறார்கள். பெருப்பித்துப் பார்த்தேன். இதிலும் தழும்பு இல்லை.