மேர்ஸ்க் ட்ரிபிள் ஈ: குடும்பக் கப்பல் நிறுவனம் ஒன்று லெகோ கட்டைகளில்

டென்மார்க்கின் ஸ்வென்போர்க் நகரில் 1904ஆம் ஆண்டு, கப்பல் தலைவர் பீட்டர் மேர்ஸ்க் மோலரும் அவருடைய மகன் ஆர்னால்ட் பீட்டர் மோலரும் பழைய நீராவிக் கப்பல் ஒன்றை வாங்கித் தொடங்கிய தொழில்தான் இன்றைய மேர்ஸ்க். அக்குடும்பத்தின் ட்ரிபிள் ஈ வகை மாபெரும் சரக்குப் பெட்டகக் கப்பல் ஒன்றை, 1,518 துண்டுகளில் சுமார் 65 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுருக்கி, 2014இல் லெகோ வெளியிட்டது (தொகுப்பு எண் 10241). லெகோவும் டேனிஷ் குடும்பம் ஒன்றின் நிறுவனமே என்பதால், இதை உள்ளூர்ச் சம்பந்தம் என்றே சொல்லலாம்.

தொகுப்பின் உயிர் பின்பகுதியில் இருக்கிறது. பக்கவாட்டில் உள்ள கண்ணாடித் துண்டுகள் வழியே பார்த்தால் இரட்டை எஞ்சின்களும், வெளியே கப்பலை உந்தும் இரண்டு சுழலிகளும் (புரொப்பல்லர்) தெரிகின்றன. இது வெறும் அலங்காரம் அன்று. 2006இல் வந்த எம்மா மேர்ஸ்க் என்னும் கப்பல், வேகத்தை முன்னிட்டு ஒற்றைப் பேரெஞ்சினுடன் கட்டப்பட்டது. எரிபொருள் செலவு கழுத்தை நெரித்த பின்னர் வடிவமைக்கப்பட்ட ட்ரிபிள் ஈயோ, வேகத்தைக் குறைத்து, அடிப்பகுதியை அகலமாக்கி, மெதுவாகச் சுழலும் இரண்டு சுழலிகளைப் பொருத்திக்கொண்டு, 18,000க்கும் மேற்பட்ட இருபதடிப் பெட்டகங்களுக்கு இடம் கொடுத்தது. 399 மீட்டர் நீளமும் 59 மீட்டர் அகலமும் கொண்ட கப்பலின் இந்தப் பருத்த தோற்றத்தை மாதிரி நன்றாகவே பிடித்திருக்கிறது. பெட்டகங்களை அடுக்கும் கட்டம் மட்டும் சற்றுச் சலிப்பூட்டும். அசல் கப்பலிலும் அந்த வேலை அப்படித்தான் இருக்கும்போல.

குடும்ப வரலாறு அறிந்தவர்களுக்கு இது இன்னும் சுவைக்கும். 1886இல் பீட்டர் மோலர் வாங்கிய லாரா என்னும் கப்பலின் புகைபோக்கியில், மனைவி நோயிலிருந்து மீள வேண்டிப் பிரார்த்தித்த இரவின் நினைவாக நட்சத்திரம் ஒன்றை வைத்தார். ஏழு முனை கொண்ட அந்த வெள்ளை நட்சத்திரமே நிறுவனத்தின் சின்னமாயிற்று. கப்பல்களுக்குக் குடும்பத்தினரின் பெயரைச் சூட்டும் வழக்கமும் உண்டு. எம்மா, மூன்றாம் தலைமுறைத் தலைவர் மேர்ஸ்க் மெக்கின்னி மோலரின் மனைவி. மெக்கின்னி மோலரோ 2012இல், தம் 98ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டு வந்த முதல் ட்ரிபிள் ஈ அவர் பெயரையே தாங்கியது. மெத்தனாலில் ஓடக்கூடிய முதல் பெட்டகக் கப்பலுக்கு 2023இல் சூட்டிய பெயரும் லாராதான்.

கட்டும் இன்பத்துக்காக மட்டும் வாங்குவோரை விட, கப்பல்களில் நாட்டம் உள்ளோருக்கே இதைப் பரிந்துரைப்பேன். தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் பழைய தொகுப்புகளே கிடைக்கும். வாங்குமுன் பக்கச்சுவரின் இளநீலத் துண்டுகளும் அடிப்பகுதியின் அடர்சிவப்புத் துண்டுகளும் முழுமையாக உள்ளனவா என்று எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. தொலைந்தால் மாற்று தேடுவது கடினம்.